ஐப்பசியில் ஊரே டூர் கிளம்புது, நமக்கு வாசலில் தண்ணீர்: நீங்க எந்த மாசம் எங்கே போனீங்க?

கொருக்குப்பேட்டைக்காரன்:

இந்தியாவைச் சுற்றிப் பார்க்க அக்டோபர் முதல் மார்ச் வரை நல்ல காலம் என்று எங்கே பார்த்தாலும் ஒரே பாட்டு. தில்லியில் இருப்பவருக்கு அது சரி. ஐப்பசி பிறந்ததும் பீரோவுக்கு அடியில் செங்கல் வைக்கிற நமக்கு?

தென்மேற்குப் பருவமழை ஜூன் 1 வாக்கில் கேரளத்தில் இறங்கும். ஜூலை இரண்டாம் வாரத்துக்குள் நாடு முழுக்கப் பரவிவிடும். செப்டம்பர் நடுவில் ராஜஸ்தானிலிருந்து பின்வாங்க ஆரம்பிக்கும். அங்கே வானம் வெளுத்து ஆட்கள் பெட்டி கட்டுகிற நேரத்தில்தான் நமக்கு வடகிழக்குப் பருவமழை. சென்னைக்கு வருஷத்தில் கிடைக்கும் சுமார் 1400 மி.மீ. மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. வயசான அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு அந்த நேரத்தில் யார் தாஜ்மகாலுக்குப் போவது? அப்படியே கிளம்பினாலும் பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் நடுவில் இருக்கிற ரயில்வே பாலத்தில் தண்ணீர் ஏறிவிட்டால் கோவை, பெங்களூர், கேரளா வண்டிகளெல்லாம் சிக்கல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பார்த்தோமே.

பிள்ளைகளுக்கு லீவு மே மாதம். அப்போது இங்கேயும் கத்திரி, வடக்கே அதைவிட மோசம். நம் பக்கத்து ஆட்கள் எந்த மாதம் எங்கே போனீர்கள், அங்கே என்ன பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். பட்டியல் வேண்டாம், அது எங்கும் கிடைக்கிறது.

காசிமேடு கடலோடி:

நீங்கள் லீவைத் தேடுகிறீர்கள், எங்களுக்குச் சர்க்காரே கொடுக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாளும் சும்மா உட்கார்ந்திருப்போம் என்று நினைக்க வேண்டாம். படகைக் கரையேற்றி, பலகை பார்த்து, பெயின்ட் அடித்து, எஞ்சினைப் பிரித்து மாட்டுவதற்குள் மே பாதி ஓடிவிடும். மிச்சம் இருக்கிற கொஞ்ச நாளில் வெயிலுக்குப் பயப்படாமல் எங்கே போகலாம் என்று யோசித்தால் மலைதான், அதுவும் உயரமான மலை.

எங்கள் தெருவில் பாதிப் பேர் வேளாங்கண்ணி, மீதிப் பேர் பத்ரிநாத். வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 கொடியேற்றம் என்பதால் அதற்கு மாதம் பார்க்க வேண்டியதில்லை. பத்ரிநாத் வேறு கணக்கு. கோயில் நடை அட்சய திருதியையை ஒட்டித்தான் திறக்கும், ஐப்பசி கார்த்திகையில் பனிக்காக மூடிவிடுவார்கள். நாங்கள் போனது மே கடைசியில். ரிஷிகேஷில் நம் ஊர் மாதிரியே வெயில், செருப்பில்லாமல் படித்துறையில் கால் வைக்க முடியவில்லை. அங்கிருந்து மேலே ஏற ஏறக் குளிர். பத்ரிநாத் 10,000 அடிக்கு மேல். விடியற்காலைக் கடல் காற்றுக்கு ஒரு பனியனோடு நிற்கிற எங்கள் மாமா அங்கே இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கோயில் பக்கத்து வெந்நீர்க் குண்டத்தை விட்டு நகரவில்லை.

கூட்டம்தான் தாங்காது. மே, ஜூனில் நாடே அங்கே வருகிறது, பதிவு செய்யாமல் போகவும் முடியாது. அதற்காக ஜூன் நடுவுக்குத் தள்ளிப்போடவும் கூடாது. 2013இல் கேதார்நாத்தில் அந்த வெள்ளம் வந்தது ஜூன் 16, 17 தேதிகளில். மழை முன்கூட்டியே ஏறிவிட்ட வருஷம் அது. எங்களுக்கு எப்படியும் 14ஆம் தேதிக்குள் கரைக்குத் திரும்பியாக வேண்டும், அது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று.

கேரளாவுக்கு மீன் சாப்பிடவே போகிறவர்களுக்கு ஒன்று. ஜூன் இரண்டாம் வாரத்திலிருந்து ஜூலை கடைசி வரை அங்கே டிராலர் படகுகளுக்குத் தடை. அதற்கு முன்னால் போங்கள்.

மின்ட் தெரு:

சௌகார்பேட்டையில் துணிக்கடையில் வேலை. முதலாளி குடும்பத்துக்குப் பூர்வீகம் ஜோத்பூர் பக்கம். பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கே, பேச்சும் நம் பேச்சுதான். "லீவுக்கு உங்க ஊருக்குப் போலாம்னு இருக்கேன் சேட்டு" என்றதும் சிரித்துவிட்டார். "மே மாசத்துலயா? நாங்களே கல்யாணம்னாதான் போவோம். போனாலும் பகல்ல வீட்ட உட்டு வெளிய வர மாட்டோம். நீ இன்னாத்த பாக்கப் போற, அனலையா? பொங்கல் முடிச்சுட்டுக் கிளம்பு."

அவர் சொன்னதில் இன்னொரு விஷயமும் இருந்தது, எனக்கு அதுதான் பெரிசு. தில்லி வழியாகப் போகாதே என்றார். ஜனவரியில் தில்லியைச் சுற்றி மூடுபனி, வண்டிகள் மணிக்கணக்கில் தாமதமாகும், அடுத்த வண்டியைப் பிடிக்க முடியாது. அதனால் சென்ட்ரலில் நவஜீவன் எக்ஸ்பிரஸ் ஏறி அகமதாபாத், அங்கிருந்து ஜோத்பூர், ஜெய்சல்மேர். பனித் தொல்லையே இல்லை. பகலில் வெயில் இதமாக இருந்தது. கோட்டை மதில்மேல் மத்தியானம் நடக்க முடிந்தது. சூரியன் இறங்கினதும் மணல் சில்லென்று ஆகிவிடுகிறது. நம் ஊர்ப் போர்வையை நம்பிப் போகாதீர்கள், கம்பளி வேண்டும்.

திரும்புகிற வழியில் கட்ச். மழைக்காலத்தில் அங்கே இருக்கிற ரண் என்ற உப்புச் சமவெளி முழுக்கத் தண்ணீர் நிற்குமாம். குளிர்காலத்தில் அது வற்றி உப்பு மட்டும் வெள்ளையாகக் கிடக்கிறது. ஆக அதைப் பார்க்கக் குளிர்காலம் மட்டும்தான். பௌர்ணமிக்கு ஒட்டிப் போனால் விசேஷம், ஆனால் தங்குமிட வாடகையும் அன்றைக்கு ஏறிவிடும். பொங்கல் அன்றைக்கே அகமதாபாத்தில் இருக்க நினைப்பவர்களுக்கு: அங்கே அது உத்தராயண், ஊரே மொட்டைமாடியில் பட்டம் விடும். பார்க்க அழகு, ரூம் கிடைப்பது கஷ்டம்.

கொருக்குப்பேட்டைக்காரன்:

சேட்டுக்கு என் வணக்கம். ஆனால் ஜனவரி கடைசி, பிப்ரவரி என்றால் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் வாயே திறக்க முடியாது.

பெரம்பூர் லோகோ:

அப்பா ரயில்வே, அதனால் சின்ன வயசிலிருந்து பாஸில் ஊர் சுற்றியவள். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மழைக்கு ஒதுங்கிப் போகாமல் மழையைப் பார்க்கவே போவோம். ஆகஸ்ட் மாதம், சுதந்திர தினத்தை ஒட்டி. சென்னையில் அப்போது சாயங்காலம் ஒரு இடி, ஒரு தூறல், அவ்வளவுதான். வீட்டைப் பற்றிய கவலை கிடையாது. மங்களூர் போய் அங்கிருந்து கோவா பக்கம் போகிற கொங்கண் ரயில் பாதையில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் மலை, சுரங்கம், அருவி, மறுபடி சுரங்கம். மே மாதத்தில் அதே பாதையில் போனவர்கள் காய்ந்த பாறையைத்தான் பார்த்திருப்பார்கள்.

ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் வரை அந்தப் பாதைக்கு மழைக்கால அட்டவணை தனி. மண்சரிவுக்குப் பயந்து வண்டிகள் மெதுவாகத்தான் ஓடும், நேரமெல்லாம் மாறும். டிக்கெட் எடுத்துவிட்டோம் என்று இருக்காமல் கிளம்பும் முன் இன்னொரு முறை பாருங்கள். கோவாவில் கடலில் இறங்க முடியாது, கடற்கரைக் குடில் கடைகளும் பிரித்துக் கிடக்கும். குளிக்கவும் கொண்டாடவும் போகிறவருக்கு ஏமாற்றம்தான். எங்களுக்கு அது நல்ல காலம், ரூம் வாடகை பாதி.

திருவொற்றியூர் அக்கா:

மே மாதம் ஊட்டி, கொடைக்கானல் என்று கிளம்புகிறவர்கள் இ-பாஸ் எடுத்துவிட்டுப் போங்கள், 2024 மே மாதத்திலிருந்து கட்டாயம். குற்றாலத்துக்கு மே மாதம் போய் அருவி எங்கே என்று கேட்கக் கூடாது. ஜூன் கடைசி முதல் ஆகஸ்ட் வரைதான் சாரல். மூணாறில் வரையாடு பார்க்க ஆசையென்றால் பிப்ரவரி, மார்ச் வேண்டாம். குட்டி போடும் காலம் என்று இரவிகுளம் பூங்காவை மூடிவிடுவார்கள்.

ராயபுரம்:

நம் வாசலிலேயே துறைமுகம், அந்தமானுக்குக் கப்பல் இருக்கிறது, யாருமே பேசவில்லையே. அந்தமானுக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மே மூன்றாம் வாரமே அங்கே மழை ஏறிவிடும், டிசம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்யும். ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் கடல் அமைதி. மே லீவுக்குப் போன எங்கள் சித்தப்பா குடும்பம், தீவுக்குத் தீவு போகிற படகு ரத்தாகி, ரூமிலேயே சீட்டு ஆடிவிட்டு வந்தது.

வண்ணை பைக்கர்:

ஜூலை, ஆகஸ்டில் போக லடாக்கை விட்டால் வேறு இடம் இல்லை. மழையை இமயமலை அந்தப் பக்கமே நிறுத்திவிடுகிறது. ஆனால் மணாலி வழியாக ஏறினால் குலு பக்கம் மண்சரிவில் மாட்டுவீர்கள். பைக் மோகத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு லேவுக்கு விமானத்தில் போங்கள், இறங்கினதும் ரெண்டு நாள் படுத்திருங்கள். 3,500 மீட்டர் உயரம், மூச்சு வாங்கும்.

வியாசர்பாடி வாத்தியார்:

எல்லாரும் மே, ஜனவரி என்றே சுற்றுகிறீர்கள். காலாண்டுத் தேர்வு விடுமுறை யார் கண்ணுக்கும் படவில்லையா? செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம். சில வருஷம் ஆயுத பூஜையும் அதோடு சேர்ந்துகொள்ளும். தில்லியிலிருந்து மழை வழக்கமாக விலகுவது செப்டம்பர் கடைசி வாரத்தில். நமக்கு வடகிழக்கு மழை தொடங்குவது சராசரியாக அக்டோபர் 20 வாக்கில். நடுவில் இருக்கிற இந்த இடைவெளியில் அங்கேயும் மழை இல்லை, இங்கேயும் வீட்டுக்குள் தண்ணீர் இல்லை.

நான் ஆக்ரா, தில்லி, அப்புறம் மணாலி என்று பிள்ளைகளோடு போனது அந்த நேரத்தில்தான். மழை கழுவிவிட்ட காற்று. தாஜ்மகால் தூரத்திலிருந்தே தெளிவாகத் தெரிந்தது. அதே தில்லி தீபாவளி தாண்டினால் புகையில் இருமும். அடல் சுரங்கத்தைக் கடந்து லாஹௌல் பக்கம் போனோம், மலைமேல் புதுப்பனி, கீழே மரமெல்லாம் மஞ்சள். காடு பார்க்கிறவர்களுக்கும் இது தோதான நேரம். வடக்கே பல புலிகள் காப்பகங்களின் உட்பகுதி ஜூலை முதல் செப்டம்பர் வரை மூடியிருக்கும், அக்டோபரில் திறக்கிறார்கள்.

பகலில் கொஞ்சம் வெயில் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். கொல்கத்தா, பூரி பக்கம் மட்டும் அந்த மாதத்தில் யோசியுங்கள். துர்கா பூஜைக் கூட்டம் ஒரு பக்கம், புயல் ஒரு பக்கம். 2013இல் பைலின், 2014இல் ஹூட்ஹூட், இரண்டுமே அக்டோபர் 12ஆம் தேதி கரை கடந்தவை. ஹவுரா வண்டி அந்தக் கடலோரமாகத்தான் போகிறது.

கொருக்குப்பேட்டைக்காரன்:

வாத்தியாரே, இத்தனை வருஷமாக அந்த லீவில் பிள்ளைகளை மாமியார் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால்தானே திறக்கிறது, 2024 நவம்பரிலிருந்து அப்படித்தான். ஜூலை கடைசியில் உட்கார வேண்டும். அம்மாவுக்குக் கீழ் பெர்த் கிடைக்குமா?

பெரம்பூர் லோகோ:

மூத்த குடிமக்கள் ஒதுக்கீட்டில் கீழ் பெர்த் கேளுங்கள். ஆனால் அதில் ஒரே டிக்கெட்டில் இரண்டு பேருக்கு மேல் போட முடியாது, இரண்டு பேருமே அந்த வயசுக்காரர்களாக இருக்க வேண்டும். அம்மாவுக்குத் தனி டிக்கெட், உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் தனி டிக்கெட் என்று எடுங்கள். திறக்கிற அன்றைக்குக் காலை எட்டு மணிக்கே.