[கலைச்சொல்] டெயில் லைட் அசெம்ப்ளி: ‘பின்விளக்கு’ மட்டும் போதுமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> ‘பின்விளக்கு’ என்று நல்ல சொல் இருக்கும்போது எதற்கு இத்தனை சொல் தேடவேண்டும்? எல்லாருக்கும் புரிகிறதே.

சாலையில் போகிறவருக்குப் புரிகிறது ஐயா. நான் எழுதிக்கொண்டிருப்பது அந்த விளக்கைக் கழற்றி, பிரித்து, சரிசெய்து, திரும்ப மாட்டப்போகிறவருக்கான குறிப்பு. வண்டி எம்ஜிபி, இங்கிலாந்தில் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் செய்த ஸ்போர்ட்ஸ் கார். பெங்களூரில் இப்படிப்பட்ட பழைய வண்டிகளைப் பிரித்துப் பார்க்கிற பட்டறைகளில் தமிழ் பேசும் கைகள் நிறைய உண்டு, சிவாஜிநகர் பக்கம் போனாலே தெரியும். ஆனால் அவர்கள் கையில் இருக்கும் கையேடு ஆங்கிலம். பட்டறையில் பேசுகிற தமிழிலேயே ஒரு குறிப்பு வேண்டும் என்றுதான் இதைத் தொடங்கினேன்.

அந்த விளக்கை வெளியிலிருந்து உள்ளே போகிற வரிசையில் பாருங்கள். சிவப்பும் ஆரஞ்சுமாக முகப்பு, அதைச் சுற்றிக் குரோம் விளிம்பு, இடையில் ரப்பர், உள்ளே பல்பு உட்காரும் உலோக உடல், அதில் ஹோல்டர், பின்னால் காரின் தகரத்தோடு ஒட்டுகிற இன்னொரு ரப்பர். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கெடுகிறது, ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. ‘பின்விளக்கைச் சோப்புத் தண்ணீரில் கழுவவும்’ என்று எழுதினால் எதைக் கழுவுவது? என் அளவுகோல் இதுதான்: கையில் தனியாகக் கழன்று வருவதற்கும், தனி வைத்தியம் தேவைப்படுவதற்கும் தனிப் பெயர் வேண்டும்.

முழுசாகக் கழன்று வருவதற்குப் ‘பின்விளக்குத் தொகுதி’ என்றே வைத்துக்கொள்ளலாம். தொகுதி என்றால் தேர்தல் ஞாபகம் வரும் என்று ஒருவர் எழுதியிருந்தார், வரட்டும், ‘பின்விளக்கு’ முன்னால் நிற்கும்போது யாரும் ஓட்டுப்போடக் கிளம்பமாட்டார்கள். கிளட்ச், வைப்பர் எல்லாவற்றுக்கும் இதே சொல் பொருந்தும் என்பது எனக்கு முக்கியம்.

உலோக உடலுக்கு ‘மாடம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். பழைய வீட்டுச் சுவரில் விளக்கு வைக்கும் மாடம் நமக்கெல்லாம் தெரியும், பல்பைத் தாங்கி, காற்று மழையிலிருந்து மறைத்து, வெளிச்சத்தை ஒரு பக்கமாக அனுப்புகிற வேலையைத்தான் இந்த உலோக உடலும் செய்கிறது. இந்தப் பாகத்துக்குத் தனிப் பெயர் வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்குக் காரணம் எர்த். இந்த மாதிரி விளக்குகளில் மின்சாரம் திரும்பிப் போகும் வழி பெரும்பாலும் மாடமும் அதன் போல்ட்டும் காரின் தகரமும்தான். அந்த இடத்தில் துரு பிடித்தாலோ, அழகுக்காக மாடம் முழுக்கப் பெயின்ட் அடித்துவிட்டாலோ வழி அடைபடும். அப்புறம் பிரேக்கை மிதித்தால் பிரேக் விளக்கு மங்கலாக எரியும், கூடவே டெயில் இழையும் இண்டிகேட்டரும் லேசாக மினுங்கும், ஏனென்றால் நேர்வழி கிடைக்காத மின்சாரம் மற்ற இழைகளின் வழியாகத் திரும்பப் பார்க்கிறது. ஸ்விட்சையும் ஒயரிங்கையும் பிரித்துப்போட்டு நாள் கணக்கில் தேடுவார்கள், கோளாறு போல்ட்டைச் சுற்றியிருக்கும் பெயின்டில் இருக்கும். ‘மாடம் தகரத்தைத் தொடும் இடத்தில் பெயின்ட் கூடாது, பளிச்சென்று சுரண்டி, வாஸ்லின் தடவி மாட்டு’ என்று எழுதமுடிந்தால் வேலை முடிந்தது. தனியாக ஒரு கறுப்பு ஒயரை மாடத்திலிருந்து காரின் உடலுக்கு இழுத்துவிட்டால் இன்னும் நல்லது.

> பட்டறையில் எல்லாரும் ‘கிளாஸ்’ என்றுதான் சொல்கிறார்கள், அதனால் ‘பின்விளக்குக் கண்ணாடி’ என்றே வைத்துவிடலாம்.

இதை நான் பலமாக மறுக்கிறேன். அந்த முகப்பு கண்ணாடி இல்லை அக்கா, அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக். கண்ணாடி என்று படிப்பவர் கண்ணாடியைத் துடைப்பதுபோல் தின்னரை எடுத்துத் துடைப்பார், அக்ரிலிக்கில் தின்னர் பட்டால் உள்ளுக்குள்ளேயே மயிரிழை மயிரிழையாக வெடிப்பு ஓடும், அதை எந்தப் பாலிஷும் மீட்காது. சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். வெளிப்பக்கம் மங்கியிருந்தால் 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டு மெதுவாகத் தேய்த்துப் பிறகு பாலிஷ் போடலாம். உள்பக்கம் கைவைக்கவே கூடாது, வெளிச்சத்தைப் பரப்புகிற சின்னச் சின்னப் பட்டகங்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. விரிசலை ஒட்ட, பெயர்ப்பலகை செய்கிறவர்கள் அக்ரிலிக் ஒட்டப் பயன்படுத்தும் குளோரோஃபார்மை ஒரு துளி விரிசலில் ஓடவிட்டால் பிடித்துக்கொள்ளும், காற்றோட்டமான இடத்தில் செய்யவேண்டும்.

ஆகவே முகப்புக்கு என் தேர்வு ‘வில்லை’, லென்ஸுக்கு இயற்பியலில் இருக்கும் சொல். அந்தப் பட்டகங்கள் ஒளியைத் திருப்புகின்றன, அதனால் இயற்பியல்படியும் சரி. சந்தன வில்லை, கற்பூர வில்லை என்று தட்டையான துண்டுக்கு ஏற்கெனவே நம் வாயில் இருக்கும் சொல், புதிதாகப் பழகவேண்டியதில்லை.

குரோம் விளிம்புக்குப் ‘பூண்’. உலக்கைக்கும் கைத்தடிக்கும் போடுகிற உலோக வளையத்துக்கு இருக்கும் பெயர். சில விளக்குகளில் பூணும் மாடமும் ஒரே வார்ப்பாக இருக்கும், அங்கே மாடம் என்றால் போதும். ரப்பருக்குப் ‘பேக்கிங்’ அப்படியே இருக்கட்டும், அதற்கு மாற்று தேடுவதில் எனக்கு ஆர்வமில்லை.

கருத்துச் சொல்லுங்கள்.
அல்சூரிலிருந்து

-----

மறுமடல்:

அண்ணே, வில்லையும் பூணும் எனக்குச் சம்மதம். பூண் விஷயத்தில் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய பிரிட்டிஷ் விளக்குகளில் பூண் பெரும்பாலும் துத்தநாகத்தோடு சுமார் 4 சதவீதம் அலுமினியம் கலந்த வார்ப்பு. பீன்யா தொழிற்பேட்டையில் முலாம் போடக் கொடுக்கும்போது இதைச் சொல்லிக் கொடுக்காவிட்டால் இரும்பு என்று நினைத்து அமிலத்தில் போட்டுவிடுவார்கள், துத்தநாகம் கரைந்து பூண் பூச்சி அரித்ததுபோல் வரும். பழைய முலாமைப் பக்குவமாக எடுத்து, குழிகளைச் சுத்தம் செய்து, முதலில் செம்பு, அதைத் தேய்த்துச் சமமாக்கி, அப்புறம் நிக்கல், கடைசியில் குரோம். ஆகவே ‘துத்தநாகப் பூண்’, ‘இரும்புப் பூண்’ என்று குறிப்பில் பிரித்தே எழுதவேண்டும்.

ஆனால் மாடம் உதைக்கிறது. வீட்டில் மாடம் என்பது சுவரில் இருக்கும் குழி. அப்படிப் பார்த்தால் காரின் தகரத்தில் வெட்டியிருக்கும் இடம்தானே மாடம்? நீங்கள் அதில் பொருத்துகிற பாகத்தை மாடம் என்கிறீர்கள். ‘கூடு’ என்று வைத்தால் என்ன?
ஜெயநகரிலிருந்து

-----

மறுமடல்:

நல்ல கேள்வி தம்பி. இதை இப்படிப் பார்க்கிறேன்: விளக்கு எது, சுவர் எது? எரிவது பல்பு, அது உட்காரும் குழிவுதான் மாடம். காரின் தகரத்தில் இருப்பது ஒயரும் போல்ட்டும் போக வழிவிடுகிற துளைகள், அதற்குத் ‘துளை’ போதும். கூடு எனக்கும் பிடிக்கும், ஆனால் ஏற்கெனவே பலர் லாரி, பஸ் உடலுக்கே கூடு என்று சொல்கிறார்கள், ‘பஸ் கூடு கட்டுதல்’ நம் ஊர்ப்பக்கம் ஒரு தொழிலின் பெயர். ஒரே குறிப்பில் வண்டியின் உடலும் விளக்கின் உடலும் வரும்போது கூடு குழப்பும், எர்த் பற்றிய அந்த வரியில் குழப்பினால் நான் இதைத் தொடங்கியதற்கே பொருள் இல்லை. துத்தநாகப் பூண் பற்றி நீ சொன்னதை அப்படியே சேர்த்துக்கொள்கிறேன்.

மொத்த வேலைக்கு என்ன பெயர் என்று கேட்டிருந்தார்கள். ‘புதுப்பித்தல்’ வேண்டாம், லைசென்ஸ் புதுப்பிப்பதுபோல் பழையதைத் தள்ளிப் புதிது வாங்குகிற வாடை அதில் அடிக்கிறது. பழைய பாகத்தையே வைத்துக்கொண்டு திரும்ப வேலைக்கு ஆக்குவதற்குச் ‘செப்பனிடுதல்’ இருக்கிறது.

சொற்கள் நிற்கின்றனவா என்று பார்க்க, கழற்றும் பகுதியை மட்டும் எழுதிப் பார்த்தேன்:

‘முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்று. டிக்கிக்குள் ஒயர்களைப் படம் எடுத்துவைத்துக்கொள்: சிவப்பு டெயில், பச்சையில் ஊதாக்கோடு பிரேக், பச்சையில் சிவப்புக்கோடு இடது இண்டிகேட்டர், பச்சையில் வெள்ளைக்கோடு வலது, கறுப்பு எர்த். ஒயரைப் பிடித்து இழுக்காதே, ஒயர் முனையில் இருக்கும் புல்லட் கனெக்டரைப் பிடித்து இழு. மாடத்தின் நட்டுகளில் துருநீக்கி எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடு. நட்டு அங்குல அளவு, மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கும். தொகுதி முழுசாக வெளியே வந்தபிறகு வில்லையைக் கழற்று, பிறகு பூண். 21/5 வாட் பல்பின் இரண்டு முளைகளும் ஒரே உயரத்தில் இருக்காது, டெயிலும் பிரேக்கும் இடம் மாறாமல் இருக்கத்தான் அப்படி, திரும்பப் போடும்போது அழுத்தித் திணிக்காதே.’

1967 கடைசிவரை வந்த எம்ஜிபி வண்டிகளில் காரின் உடலோடு சேர்வது பேட்டரியின் பாசிட்டிவ் முனை, அவற்றில் சாதாரண எல்இடி பல்பு எரியாது, அதைத் தனிக் குறிப்பாகப் போடுகிறேன். ‘பாசிட்டிவ் எர்த்’துக்குச் சொல் யோசித்து வையுங்கள். மும்பையில் பழைய ஃபியட் பார்க்கிற நம் நண்பர்கள் பூணை என்ன சொல்கிறார்கள் என்றும் யாராவது கேட்டு எழுதுங்கள், அதைவிட நல்ல சொல் இருந்தால் மாற்றிவிடலாம்.
அல்சூரிலிருந்து