பதிவில்லாத திருமணம், காணிக்கு என்ன ஆதாரம் காட்டலாம்?

வணக்கம். வன்னியில் இந்தச் சிக்கலைக் கடந்து வந்தவர்கள், காணி விஷயம் தெரிந்தவர்கள் உதவுங்கள்.

என் சித்தியின் மகள், விசுவமடு. 2008இல் சாதாரண தரம் படித்துக்கொண்டிருந்தவளை 16 வயதில் கட்டி வைத்தார்கள். வீட்டுக்கு ஒருவர் புலிகள் இயக்கத்துக்கு என்ற காலம் அது. கட்டிக் கொடுத்தால் பிள்ளை தப்பும் என்று எத்தனையோ வீடுகளில் அவசரமாகத் தாலி ஏறியது. 18 ஆகாததால் எழுத்து (விவாகப் பதிவு) நடக்கவில்லை. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் கணவர் காணாமல் போனார். மகன் செட்டிகுளம் முகாமில் பிறந்தான். அவனுடைய பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயருக்குரிய இடத்தில் ஒரு கோடு மட்டும்தான்.

படிப்பும் போய், கச்சான் பிடுங்கும் கூலியில்தான் அவனை வளர்த்தாள். இருப்பது கணவர் பெயரில் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி. இப்போது கணவரின் தமையன், "நீ சட்டப்படி மனைவி இல்லை, எழும்பு" என்கிறார். அவளைக் கேட்காமலே நடந்த கல்யாணம். அதற்கு அவளா தெருவில் நிற்க வேண்டும்?

கிராம அலுவலர் வதிவிடக் கடிதம் தந்தார். பிரதேச செயலகத்தில் விவாகச் சான்றிதழ்தான் வேண்டுமாம். தாலி எடுத்துக் கொடுத்த ஐயர் உயிரோடு இல்லை, படங்கள் இடப்பெயர்வில் போய்விட்டன. மிஞ்சியது கணவர் பெயரோடு உள்ள முகாம் குடும்ப அட்டை, தண்ணீர் பட்டு எழுத்து மங்கிவிட்டது. அப்புறம், கல்யாணத்துக்கு வந்த அயலவர் சிலர் சாட்சி சொல்லத் தயார். காணாமற்போனமைக்கான சான்றிதழ் எடுக்கச் சொல்கிறார்கள். அதற்கும் உறவைக் காட்ட வேண்டுமே.

இப்படிப் பதிவில்லாமல் கட்டியவர்கள், காணாமல் போன கணவரின் காணியைத் தன் பெயருக்கோ பிள்ளை பெயருக்கோ மாற்ற எந்த ஆவணத்தைக் காட்டினீர்கள்?