'அரசன்' எழுத்தில் இரண்டாவது கோடு எது?

தூரிகைக்காரன்:
ஜப்பானிய எழுத்துகளுக்கு நினைவட்டைகள் செய்கிறேன். 'அரசன்' என்று பொருள்படும் 王 என்ற எழுத்தில் நான்கே கோடுகள், அதிலேயே சறுக்கிவிட்டேன். இணையத்திலிருந்து இறக்கிவைத்த கோட்டு வரிசைத் தரவு மேல்கோடு, நடுக்கோடு, பிறகு மேலிருந்து கீழிறங்கும் நெடுங்கோடு என்கிறது. பாடநூலோ நெடுங்கோட்டை இரண்டாவதாகவே இழுக்கச் சொல்கிறது. எதை நம்புவது?

பழைய மாணவி:
இரண்டும் சரிதான். உங்களிடம் இருப்பது சீன வழக்கு, அநேகமாக 'மேக் மீ எ ஹான்சி' என்ற சீன எழுத்துத் தரவு. ஜப்பானிய வரிசைக்குக் 'காஞ்சிவிஜி' என்ற கோட்டுத் தரவை எடுங்கள். எழுத்துக்கு ஓர் எஸ்விஜி படக்கோப்பு. எழுதும் வரிசையிலேயே கோடுகள் அடுக்கியிருக்கும். பொருளுக்கும் ஒலிப்புக்கும் 'காஞ்சிடிக்2' என்ற அகராதிக் கோப்பு. அதில் 13,108 எழுத்துகள். அத்தனையையும் அட்டையாக்கி ஒரு மாதத்தைப் பாழாக்கிய புத்திசாலி நான்! எழுத்து எந்த நிலையில் கற்பிக்கப்படுகிறது என்று காட்டும் வகுப்பு எண் அதில் இருக்கும்; அது 1 முதல் 6 வரையும் 8-உம் உள்ளவற்றை மட்டும் வடிகட்டுங்கள். அன்றாடப் பயன்பாட்டுக்குரிய 2,136 எழுத்துகள் கிடைக்கும். 7 ஏன் இல்லை என்று தேடி அலையாதீர்கள், அப்படி ஓர் எண்ணே அதில் கிடையாது.

எழுத்துருப் பித்தன்:
அட்டையில் மொழிக்குறியை ஜப்பானியம் என்று வையுங்கள். கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் சீனம், ஜப்பானியம் இரண்டுக்கும் ஒரே குறியெண் என்பதால், 'எலும்பு' என்று பொருள்படும் 骨 என்ற எழுத்து சீன எழுத்துருவில் உள்மூலை எதிர்ப்பக்கம் திரும்பி வேறு வடிவில் வந்து நிற்கும்.

தூரிகைக்காரன்:
வடிகட்டிவிட்டேன். 'எலும்பு' உண்மையிலேயே திரும்பித்தான் நின்றது! அட்டைகளைப் பொதுவில் வெளியிடலாமா?

பழைய மாணவி:
தாராளமாக. மூலத்தைக் குறிப்பிட்டு, அந்தத் தரவுகளுக்கு உள்ள அதே உரிமத்தில் வெளியிடுங்கள்.