மறு: ஒகோனோமியாகிக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். ஒகோனோமியாகி என்ற ஜப்பானிய உணவுக்கு நம் சொற்பட்டியலில் என்ன தமிழ்ப்பெயர் போடலாம் என்ற கேள்விக்கு என் பதில் இது.

> 'ஜப்பானியப் பான்கேக்' என்றே விட்டுவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும் தம்பி, ஆனால் தப்பாகப் புரியும். பான்கேக் என்றதும் தேன் ஊற்றிய இனிப்புதான் மனதில் வரும். இதில் இருப்பது முட்டைக்கோசும் பன்றி இறைச்சியும்.

பெயரைப் பிரித்துப் பார்ப்போம். 'கொனோமி' என்றால் விருப்பம். முன்னால் நிற்கும் 'ஒ' மரியாதைக்கு. 'யாகி' என்பதை வறுவல், பொரியல் என்றெல்லாம் எழுதுகிறார்கள்; எனக்கு அது ஒட்டவில்லை. அது நம்முடைய 'சுடு'தான். நாம் தோசை சுடுகிறோம், பனங்கிழங்கு சுடுகிறோம், செங்கல்லும் சுடுகிறோம். அவர்கள் பணியாரச் சட்டி போன்ற குழித்தட்டில் சுடுவது தாக்கோயாகி. சூளையில் சுட்ட பிசென் ஊர் மண்பாண்டமும் பிசென்-யாகிதான். இத்தனை பொருத்தமான சொல்லை விட மனம் வரவில்லை.

ஆனாலும் 'விருப்பச்சுடல்' வேண்டாம், சாப்பாட்டுப் பெயரில் சுடலை நினைவு வரக்கூடாது. அக்கா சொன்ன 'விருப்படை' பொருளில் நன்று. எழுத்தில் பார்த்தால் கண் 'படை' என்றுதான் படிக்கிறது.

போன ஞாயிறு வீட்டில் செய்து பார்த்தேன். ஒரு கோப்பை மைதா, இரண்டு முட்டை, கொஞ்சம் சூப்புச் சாறு. பொடியாக அரிந்த கோசு மட்டும் மலைபோல். மாவு கோசை ஒட்டவைக்கும் அளவுதான், ஊற்றினால் ஓடாது. தோசைக்கல்லில் கட்டைவிரல் கனத்துக்குத் தட்டி மூடி வைத்து, இரண்டு தோசைத் திருப்பிகளால் புரட்டினேன். எட்டிப் பார்த்த அம்மா, "என்னடா, கோசு அடையா?" என்றார்.

அதுதான் என் பரிந்துரை: கோசடை. தலைப்பில் ஒகோனோமியாகி என்ற பெயர் அப்படியே இருக்கட்டும். விளக்கத்தில் கோசடை என்போம். ஒசாகாவில் எல்லாவற்றையும் கலந்து சுடுவது கலவைக் கோசடை. ஹிரோஷிமாவில் கலப்பதில்லை: மாவை மெல்லியதாகப் பரப்பி, கோசைக் குவித்து, இறைச்சி வைத்துப் புரட்டி, நூடுல்ஸ், முட்டை என்று ஏற்றுவார்கள். அது அடுக்குக் கோசடை. 1945 அணுகுண்டுக்குப் பின் அரிசிக்குத் தவித்த அந்த ஊரில், உதவியாக வந்த கோதுமை மாவும் மலிவான கோசும்தான் பலர் வயிற்றை நிரப்பின. பெயரில் கோசு இருப்பது அந்த வரலாற்றுக்கும் பொருந்துகிறது.

இதைச் சுடும் 'தெப்பன்' என்றால் இரும்புத் தட்டு. நம் தோசைக்கல்லும் பெயரளவில்தான் கல், அதனால் அங்கே புதுச்சொல் தேவையில்லை.

ஒன்றை மட்டும் கட்டாயம் திருத்த வேண்டும். பட்டியலில் நாகாய்மோ என்ற கிழங்குக்குச் 'சேனை' என்று இருக்கிறது. அதைப் பச்சையாகத் துருவி மாவில் சேர்ப்பார்கள், கொழகொழவென்று நின்று அடையை மெத்தென்று ஆக்கும். பட்டியலை நம்பி யாராவது பச்சைச் சேனையைத் துருவிப் போட்டால், அடை வேகிற நேரத்துக்குள் அதன் அரிப்புப் போகாது, தொண்டையைப் பிடுங்கிவிடும். நாகாய்மோ வள்ளிக்கிழங்கு இனம். 'நாகாய்மோ வள்ளி' என்று மாற்றி, நம்மூர் வள்ளியைப் பச்சையாகச் சேர்க்க வேண்டாம் என்றும் ஒரு வரி போடுவோம். நாகாய்மோ கிடைக்காவிட்டால் இன்னொரு முட்டை போதும்.

அப்புறம் ஒரு சிக்கல். இலங்கை நண்பர்களுக்கு முட்டைக்கோசு 'கோவா'. அதோடு அடையைச் சேர்த்தால் 'கோவாவடை', வடை வந்து நிற்கிறது. கோசடை என்றால் உங்களுக்குச் சட்டென்று புரிகிறதா? யாழ்ப்பாணத்துக்காரர்கள் யாராவது சொல்லுங்கள், அதுவரை பட்டியலில் ஏற்றாமல் வைத்திருக்கிறேன்.