மறு: ரான்சம்வேர் – ‘பிணைநிரல்’ வேண்டாம், ‘பூட்டுப்பறி’ எப்படி?

குழுவினருக்கு வணக்கம். ரான்சம்வேர், அதாவது கணினிக் கோப்புகளைத் திறக்க முடியாமல் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் நிரல்; அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற நம் பேச்சில் தேவகோட்டை அண்ணன் எழுதியது இது:

> ‘பணயநிரல்’ அல்லது ‘பிணைநிரல்’ என்று முடித்துவிடலாம். பணயக்கைதி என்ற சொல் நாளிதழ்களில் பழகியதுதானே.

தேவகோட்டை அண்ணனை மறுத்துப் பேச எனக்குத் தயக்கம்தான். ஆனால் அண்ணே, பேரேடும் ஐந்தொகையும் பார்த்து வளர்ந்த நீங்களே பிணையை இப்படிப் போட்டுவிட்டீர்களே! ஒருவன் கடனுக்கு இன்னொருவன் மனமொப்பி நிற்பது பிணை. அடகு என்றால் நம் பொருளை நாமே கடைக்குக் கொண்டுபோய் வைக்கிறோம். அசலும் வட்டியும் கட்டினால் நகை திரும்பி வரும் என்று ரசீது இருக்கிறது. பணயம் சூதாட்டத்தில் வைப்பது. பணயக்கைதியிலும் ஆளைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். ரான்சம்வேரில் கோப்பு எங்கேயும் போவதில்லை. இருந்த இடத்திலேயே இருக்கிறது, நமக்குத்தான் திறக்க மாட்டேன் என்கிறது. இந்த நிரலின் கொடுமையே அதுதான். சொல்லில் அது வர வேண்டும்.

இதை எங்கள் அச்சகத்தில் பட்டுத் தெரிந்துகொண்டேன். காரைக்குடியில் ஆவணி முகூர்த்த நேரம், கல்யாணப் பத்திரிகை வேலை குவிந்து கிடந்தது. காலையில் கடையைத் திறந்து மெஷினைப் பார்த்தால் எல்லாக் கோப்பின் பெயருக்குப் பின்னாலும் நான்கு எழுத்தில் ஒரு வால். திறந்தால் பிழைச் செய்தி. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு சிறு எழுத்துக் கோப்பு: பணம் பிட்காயினில் அனுப்பு, இத்தனை நாளுக்குள் அனுப்பினால் பாதி விலை. ஆடித் தள்ளுபடி மாதிரி!

வந்த வழி எளிது. எங்கள் பையன் எழுத்துரு மாற்றும் மென்பொருள் ஒன்றைக் காசு கட்டாமல் ஓட்ட ‘கிராக்’ என்ற திருட்டு நிரலை இறக்கியிருந்தான். ‘முதலில் ஆன்டிவைரஸை அணைக்கவும்’ என்று அந்தப் பக்கத்திலேயே போட்டிருந்ததாம், அப்படியே செய்திருக்கிறான். அவனை என்ன திட்டுவது, அந்த மென்பொருளைக் காசு கொடுத்து வாங்காதது நான். காப்புப் பிரதி வைத்திருந்த வெளி வட்டும் அதே மெஷினில் செருகியபடியே கிடந்ததால் அதுவும் சேர்ந்து போனது.

அன்றைக்கு மணிவிழாப் பத்திரிகைக்குப் புரூஃப் பார்க்க ஒரு ஆச்சி வந்திருந்தார்கள். “எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயிட்டானாப்பா?” என்று கேட்டார்கள். இல்லை ஆச்சி, எல்லாம் உள்ளேதான் இருக்கிறது, திறக்கத்தான் முடியவில்லை என்றேன். “அப்ப நம்ம வீட்டுக்கு எவனோ பூட்டுப் போட்டுட்டுக் காசு கேக்குறான்னு சொல்லு” என்றார்கள். இத்தனை நாளாக நாம் இங்கே இழுத்துக்கொண்டிருக்கும் வரையறையை ஆச்சி ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

நம் செட்டிநாட்டுப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வீடு கானாடுகாத்தானில், சாவி சென்னையில். வருடத்துக்கு ஒரு கல்யாணத்துக்கோ முன்னோருக்கான படைப்புக்கோ வந்து திறப்பார்கள். அப்படி ஒருநாள் காரில் வந்து இறங்கினால் முகப்புக் கதவில் உங்கள் பூட்டுக்கு மேல் புதுப் பூட்டு ஒன்று தொங்குகிறது என்று வையுங்கள். பெட்டகம், வெள்ளிச் சாமான் எல்லாம் உள்ளே பத்திரம். ரான்சம்வேர் செய்வது இதுதான். ஒரு வித்தியாசம், பூட்டுகிற சாவி வேறு, திறக்கிற சாவி வேறு. கோப்புகளை வேகமான ஒரு சாவியால் பூட்டி, அந்தச் சாவியை இன்னொரு பெரிய பூட்டுக்குள் போடுகிறார்கள். பெரிய பூட்டைப் பூட்டும் சாவி மட்டும் நிரலோடு நம் மெஷினுக்கு வருகிறது. அதற்குத் திறக்கத் தெரியாது. திறக்கிற சாவி அவர்களிடமே இருக்கிறது. அதனால்தான் மெஷினைக் குடைந்து குடைந்து பார்த்தாலும் பெரும்பாலும் ஒன்றும் கிடைப்பதில்லை.

ஆகவே என் பரிந்துரை: பூட்டுப்பறி. வழியில் மறித்துப் பறிப்பது வழிப்பறி. பூட்டைப் போட்டுப் பறிப்பது பூட்டுப்பறி. நிரலைக் குறிக்க பூட்டுப்பறி நிரல், ஆட்களைக் குறிக்க பூட்டுப்பறிக்காரர்கள். தலைப்புச் செய்தியிலும் அடங்கும்.

பழைய நிகழ்வுகளுக்கும் பொருத்திப் பார்த்தேன். 1989-இல் எய்ட்ஸ் தகவல் வட்டு என்று ஃபிளாப்பியை அஞ்சலில் அனுப்பி, கோப்புப் பெயர்களைக் குழப்பிவிட்டு, பனாமாவில் ஒரு தபால் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொன்னார்கள். பொருந்துகிறது. 2017 மே மாதம் வந்த வானாக்ரை என்ற நிரல்: யாரும் எதையும் கிளிக் செய்யாமலே விண்டோஸ் ஓட்டை வழியாக மெஷினுக்கு மெஷின் தாவி, பிரிட்டன் மருத்துவமனைகள் வரை முடக்கியது. அந்த ஓட்டையை அடைக்கும் ஒட்டு (பேட்ச்) மார்ச்சிலேயே வந்துவிட்டது, போடாதவர்கள் மாட்டினார்கள். பரவியது புழுவாக, செய்தது பூட்டுப்பறி. அடுத்த மாதமே வந்த நாட்பெட்யா என்ற நிரலுக்குப் பொருந்தாது. காசு கேட்டதே தவிர, கொடுத்தாலும் திறக்க வழி வைக்கவில்லை. அதை அழிநிரல் என்று தனியாகவே வைக்கலாம்.

போகிற போக்கில் இன்னொன்று. கெடுதல் செய்யும் எல்லா நிரலுக்கும் பொதுப்பெயரான மால்வேருக்குச் சிலர் ‘தீம்பொருள்’ என்று எழுதுகிறார்கள். தீம்பால், தீந்தமிழ், தீஞ்சுவை எல்லாம் இனிப்பு ஆயிற்றே! எனக்கு அந்தச் சொல்லைப் பார்த்தால் கந்தரப்பம்தான் நினைவுக்கு வருகிறது. தீநிரல் போதும்.

அன்புடன்,
காரைக்குடி அச்சகத்தான்

---

தம்பி,

பிணையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ‘பூட்டுப்பறி’ என்றால் பூட்டையே பறித்துக்கொண்டு போவது என்று படிப்பவர் நினைக்க மாட்டாரா? அப்புறம், இப்போதெல்லாம் பூட்டுவதற்கு முன்பே தகவலை நகலெடுத்துக்கொண்டு, காசு தராவிட்டால் ஊருக்கே வெளியிடுவேன் என்கிறார்களே, அதை எதில் சேர்ப்பாய்?

---

அண்ணே,

வழிப்பறி என்றால் யாரும் வழியைத் தூக்கிக்கொண்டு போனதாக நினைப்பதில்லையே, இதுவும் பழகிவிடும். இரண்டாவது கேள்வி நியாயமானது. பூட்டியும் மிரட்டினால் பூட்டுப்பறியோடு மிரட்டலும் சேர்ந்தது. பூட்டாமல் மிரட்ட மட்டும் செய்தால் அது வெறும் தகவல் திருட்டும் மிரட்டலும்தான், என் சொல் அங்கே செல்லாது. ஒப்புக்கொள்கிறேன்.

---

சரி தம்பி, என் வாக்கு உனக்கு. பத்திரிகை டிசைன் எல்லாம் மீண்டதா?

---

காசு கொடுக்கவில்லை அண்ணே. பழைய டிவிடி ஒன்றில் கொஞ்சம் இருந்தது. மற்றதை மாதிரி ஆல்பத்தில் ஒட்டியிருந்த பத்திரிகைகளைப் பார்த்துத் திரும்பத் தட்டினோம். பாதிதான் முடிந்திருக்கிறது. புது வட்டு வயரோடு பீரோவுக்குள் இருக்கிறது, வேலை முடிந்த பிறகுதான் வெளியே வரும்.