முட்டி வலி மாத்திரையும் காய்ச்சல் மாத்திரையும் சேர்த்து போடலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்

திண்டுக்கல் சுபா:
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயசு 63, சுகர் பிபி ரெண்டும் இருக்கு, வெயிட் 48 கிலோதான். முட்டி வலிக்கு ஜீரோடால்-பி போடுறாங்க, முதல்ல எலும்பு டாக்டர் அஞ்சு நாளைக்குன்னுதான் எழுதி குடுத்தார், அப்புறம் அப்பா மெடிக்கல்ல போய் பேர சொல்லி வாங்கிட்டு வந்து வாங்கிட்டு வந்து இப்ப காலையில ஒண்ணு நைட்டு ஒண்ணுன்னு பழக்கமே ஆயிடுச்சு. நேத்துலேர்ந்து காய்ச்சல், 102 காட்டுது, உடம்பெல்லாம் அடிச்சு போட்ட மாதிரி இருக்குன்னு எந்திரிக்கவே மாட்டேங்கறாங்க. அதுக்கு டோலோ 650 மூணு வேளை, மூக்கு ஒழுகுதுன்னு மெடிக்கல்ல குடுத்த ஜலதோஷ மாத்திரை மூணு வேளை, கூடவே முட்டி மாத்திரையும் ஓடுது. அத நிறுத்தினா பாத்ரூம் வரைக்கும் கூட நடக்க முடியாதுங்கறாங்க. எங்க தெருவுல ரெண்டு பேருக்கு டெங்குன்னு சொன்னாங்க, அதான் பயமா இருக்கு. இதெல்லாம் சேர்ந்து போடலாமா?

மெடிக்கல் ரவி:
அக்கா முதல்ல ஒரு வேலை பண்ணுங்க, மூணு அட்டையையும் திருப்பி பின்னாடி சின்ன எழுத்துல இருக்கறத படிங்க. முன்னாடி இருக்கறது கம்பெனி வச்ச பேரு, உள்ள என்ன மருந்துன்னு பின்னாடிதான் இருக்கும். ஜீரோடால்-பி-ல அசிக்ளோஃபெனாக்ங்கற வலி மருந்து 100 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. அந்த 'பி'யே பாராசிட்டமால்தான். டோலோ 650-ல முழுக்க பாராசிட்டமால். ஜலதோஷ மாத்திரையிலயும் பெரும்பாலும் 500 மி.கி. பாராசிட்டமால் இருக்கும். இப்ப கூட்டி பாருங்க, 325 ரெண்டு தடவை 650, 650 மூணு தடவை 1950, 500 மூணு தடவை 1500, ஆக 4100 மி.கி. நல்ல உடம்பு வாகு உள்ள பெரியவங்களுக்கே ஒரு நாளைக்கு 4000தான் உச்ச அளவு, 50 கிலோவுக்கு கீழ இருக்கற வயசானவங்களுக்கு அத விட நல்லாவே கம்மியாதான் குடுக்கணும். இது கூடினா அடி வாங்கறது ஈரல். முதல் நாள் ஒண்ணுமே தெரியாது, லேசா குமட்டல் இருக்கும் அவ்ளோதான், அதனால அம்மா நல்லாத்தானே இருக்காங்கன்னு விட்றாதீங்க. ஏற்கனவே எவ்ளோ உள்ள போயிருக்குன்னு ஒரு பேப்பர்ல எழுதி இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க, தேவைப்பட்டா ரத்தத்துல பார்ப்பாங்க, முறிவு மருந்து இருக்கு, ஆனா சீக்கிரம் குடுத்தாதான் நல்லா வேலை செய்யும்.

ஜலதோஷ மாத்திரைய இப்பவே நிறுத்துங்க, அதுல மூக்கடைப்புக்கு போடற மருந்து பிபியையும் ஏத்தும்.

அப்புறம் அட்டைய வெட்டி வாங்கும்போது பேரும் எக்ஸ்பைரியும் இருக்கற துண்டா கேட்டு வாங்குங்க. நாலு மாத்திரைய வெட்டி கவர்ல போட்டா வீட்டுக்கு போனதும் எது எதுன்னே தெரியாது. சிவப்பு கோடு போட்ட அட்டைன்னா அது டாக்டர் சீட்டுக்கு குடுக்க வேண்டிய மருந்து, பேர் சொல்லி வாங்கற மருந்து இல்ல.

கோவை செந்தில்:
இவ்ளோ பயப்பட வேண்டியதில்லைன்னு நினைக்கிறேன். எங்கம்மாவும் வருஷக்கணக்கா இதே மாத்திரைதான், காலையில வெறும் வயித்துல கேஸ் மாத்திரை போட்டுட்டு சாப்பிட்ட பிறகு இத போடுவாங்க, ஒண்ணும் ஆகல. காய்ச்சலுக்கும் இதுவே கேக்கும். வேணும்னா ஒரு ஊசி போட்டா சட்டுனு இறங்கிடும்.

வார்டு சிஸ்டர்:
செந்தில் தம்பி, உங்கம்மா நல்லா இருக்கறது சந்தோஷம், ஆனா அத வச்சு இன்னொருத்தருக்கு சொல்லாதீங்க. கேஸ் மாத்திரை வயித்துப்புண் வராம ஓரளவுக்கு காப்பாத்தும், கிட்னிக்கு அது ஒரு பாதுகாப்பும் தராது. உங்கம்மாவுக்கும் கிரியாட்டினின், அதான் கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற ரத்த டெஸ்ட், ஒரு தடவை பாத்துடுங்க, சும்மா சொல்லல.

சுபாம்மா, ரவி பாராசிட்டமால் கணக்க சரியா சொல்லிட்டார், எனக்கு கவலை அந்த மாத்திரையில இருக்கற இன்னொரு பாதி, அசிக்ளோஃபெனாக். டெங்கு இல்லைன்னு தெரியற வரைக்கும் அந்த வகை வலி மருந்து எதுவுமே வேண்டாம். டெங்குல ரத்தத்த உறைய வைக்கற தட்டணு (பிளேட்லெட்) குறையும், இந்த மருந்துங்களும் தட்டணுவோட வேலைய கெடுக்கும், வயித்துலயும் புண்ணாக்கும், ரெண்டும் சேர்ந்தா ரத்தக்கசிவு. புரூஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எல்லாம் இதே கதைதான். ஊசின்னு தம்பி சொன்னாரே, வலிக்கு போடற ஊசி பல இடத்துல டைக்ளோஃபெனாக்தான், அதாவது காலையில மாத்திரையா போன சமாச்சாரமே சாயங்காலம் ஊசியா போகுது, யாரும் கூட்டி பாக்கறதில்ல. கிளினிக்ல ஊசி போட வந்தாங்கன்னா என்ன மருந்துன்னு வாய திறந்து கேளுங்க, கேக்கறது உங்க உரிமை.

அம்மா என்ன பிபி மாத்திரை போடறாங்க? டெல்மிசார்ட்டான் மாதிரி ஒண்ணும், அதோட நீர் பிரிய வைக்கற மருந்தும் சேர்ந்த மாத்திரைன்னா இன்னும் கவனமா இருக்கணும். அது ரெண்டும் இந்த வலி மருந்தும் சேர்ந்தாலே கிட்னிக்கு போற ரத்தம் குறையும், அதுல காய்ச்சல் வேற, சாப்பாடு தண்ணி இறங்காம உடம்பு வறண்டு கிடந்தா கிட்னி திடீர்னு படுத்துடும். அதுக்காக பிபி மாத்திரையையும் சுகர் மாத்திரையையும் நீங்களா நிறுத்திடாதீங்க, வாந்தி இருந்தாலோ சாப்பிடலைன்னாலோ அத டாக்டர்கிட்ட சொல்லி எத தொடரணும் எத ரெண்டு நாள் தள்ளி வைக்கணும்னு கேளுங்க. இதய அடைப்புக்கு ஆஸ்பிரின் 75 போடறவங்கன்னா அதையும் கட்டாயம் சொல்லணும், அதையும் தானா நிறுத்தக்கூடாது.

காய்ச்சலுக்கு தனி பாராசிட்டமால் மட்டும், அதுவும் டாக்டர் அம்மா வெயிட்ட பாத்து சொல்ற அளவு. சாதா தண்ணியில துணிய நனைச்சு துடைங்க, இளநீர் கஞ்சி மோர் எது இறங்குதோ குடுங்க. சுகர் இருக்கறதால சர்க்கரை போட்ட ஜூஸ் வேண்டாம், க்ளூக்கோஸ் பவுடரும் வேண்டாம். ஓஆர்எஸ் டாக்டர கேட்டு குடுங்க.

திண்டுக்கல் சுபா:
ரொம்ப நன்றி சிஸ்டர், நன்றி ரவி தம்பி. அட்டைய திருப்பி பாத்தோம், மூணுலயும் பாராசிட்டமால்னு இருக்கு. ஜலதோஷ மாத்திரையில நீங்க சொன்ன மாதிரியே 500. பிபி மாத்திரையும் சிஸ்டர் சொன்ன அந்த ரெண்டும் சேர்ந்ததுதான். உடனே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போயிட்டோம், எல்லா அட்டையையும் ஒரு பையில போட்டு அப்படியே டாக்டர் டேபிள்ல கொட்டிட்டேன். முட்டி மாத்திரைய நிறுத்த சொல்லிட்டார், டெங்குக்கு என்எஸ்1, ரத்த அணு, கிரியாட்டினின், ஈரல் டெஸ்ட் எல்லாத்துக்கும் ரத்தம் எடுத்திருக்காங்க, ரிசல்ட் சாயங்காலம். முட்டி வலிக்கு இப்ப என்ன பண்றதுன்னுதான் தெரியல, அம்மா அழறாங்க.

மெடிக்கல் ரவி:
நல்ல வேலை பண்ணீங்க அக்கா. டாக்டர் குடுக்கற பாராசிட்டமாலே வலியையும் ஓரளவு குறைக்கும். வலிக்கு மேல தடவற ஜெல் இருக்குன்னு யாராவது சொன்னா அதுலயும் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் இருக்கும், இப்போதைக்கு டாக்டர கேக்காம தடவ வேண்டாம்.

வார்டு சிஸ்டர்:
ரெண்டு மூணு நாளைக்கு வாக்கர் இல்லைன்னா ஒரு ஆள் கைப்பிடி, கட்டில் பக்கத்துலயே கமோட் சேர் வைங்க, நடையே குறைஞ்சிடும். முட்டிக்கு தலகாணி வச்சு படுக்க சொல்லுங்க. காய்ச்சல் சரியானதும் எலும்பு டாக்டர்கிட்ட போய், இத தினமும் போட்டுட்டு இருந்தாங்க, கிரியாட்டினின் இவ்ளோன்னு ரிப்போர்ட்டோட காட்டுங்க. தொடை தசைக்கு பயிற்சி இருக்கு, பிசியோ இருக்கு, முட்டிக்குள்ளயே போடற ஊசியும் இருக்கு, தினம் ரெண்டு மாத்திரைதான் வழின்னு இல்ல.

ரிசல்ட் என்ன வந்தாலும் ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க. டெங்குன்னா காய்ச்சல் விட்டதும் ஒரு ரெண்டு நாள்தான் ஆபத்தான நேரம், நல்லாயிடுச்சுன்னு அசந்துடாதீங்க. விடாத வயித்து வலி, திரும்ப திரும்ப வாந்தி, ஈறுல மூக்குல ரத்தம், தார் மாதிரி கருப்பா மலம், யூரின் குறையறது, கூப்பிட்டா சரியா பேசாம மந்தமா இருக்கறது, கண்ணு மஞ்சளாகறது, இதுல எது ஒண்ணு இருந்தாலும் ராத்திரி ரெண்டு மணின்னாலும் 108-க்கு அடிங்க. சாயங்காலம் ரிசல்ட் வந்ததும் இங்க போடுங்கம்மா, பாக்கறேன்.