குல்விக்கியைப் போல வேறு யார்?

கேள்வி: பழைய நாஸ்கார் (அமெரிக்கக் கார் பந்தயத் தொடர்) பந்தயங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறேன். 1992 தொடரின் கடைசிப் பந்தயத்தில், அட்லாண்டாவில், ஆலன் குல்விக்கி, சொந்தமாக ஒரு சின்ன அணியை வைத்துக்கொண்டு, பில் எலியட்டை வெறும் 10 புள்ளியில் முந்திப் பட்டம் வென்றபோது கண் கலங்கிவிட்டது. கார் முகப்பில் 'தண்டர்பேர்ட்' என்ற ஃபோர்டு கார் பெயரை, தோற்பார் என்று பலரும் நினைக்கும் 'அண்டர்டாக்' போல, 'அண்டர்பேர்ட்' ஆக்கியிருந்தார்! இப்படி வேறு யார்?

பதில்: பந்தயத்தை வென்றது எலியட்தான். ஆனால் குல்விக்கி முன்னிலையில் ஓடியது 103 சுற்று, எலியட் 102. அதிகச் சுற்று முன்னிலையில் இருந்தவருக்கான 5 போனஸ் புள்ளி எலியட்டுக்குக் கைமாறியிருந்தால் சமநிலை, அப்புறம் அந்த ஆண்டு கூடுதல் பந்தயங்களை வென்றிருந்த எலியட்டுக்கே பட்டம்.

பதில்: வெண்டல் ஸ்காட்டைப் படியுங்கள். 1963 டிசம்பர் 1, ஜாக்சன்வில் நாஸ்கார் பந்தயம். ஜெயித்த ஸ்காட் கறுப்பினத்தவர், கோப்பையோ பக் பேக்கர் என்ற வெள்ளையின ஓட்டுநருக்கு! ஸ்காட்தான் ஜெயித்தார் என்று சில மணி நேரம் கழித்துத்தான் ஒப்புக்கொண்டார்கள். 1990இல் ஸ்காட் இறந்தார், குடும்பத்துக்குக் கோப்பை வந்தது 2021இல்.

கேள்வி கேட்டவர்: 58 வருடமா? மனசு ஆறவில்லை. இன்றே தேடுகிறேன்.